பதினோராம் வகுப்புச் சேர்க்கை: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டது. தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். தவறிய பிள்ளைகளைத் துணைத்தேர்வுக்கு உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பள்ளியிலேயே வகுப்பு நடத்துகிறோம், வீட்டில் யாரும் திட்ட வேண்டாம்.

பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்பதைப் பேசத்தான் இந்தக் கடிதம். சேர்க்கைக்கு வரும் பெற்றோரில் பலர் உட்காரும் முன்பே சொல்லிவிடுகிறார்கள்: "மார்க்கு கம்மிங்க சார், ஏதாச்சும் தொழில் குரூப்புல போட்டு உட்ருங்க." பையன் பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். அடுத்த இரண்டு வருடமும் அந்தப் பேச்சு அவன் மனதை விட்டுப் போகாது. தயவுசெய்து பிள்ளையை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லாதீர்கள். தொழிற்பிரிவு மார்க் குறைந்தவர்களை ஒதுக்கி வைக்கிற இடமல்ல. இயந்திரத்தைப் பார்த்தால் கை பரபரக்கிற பிள்ளைக்கான படிப்பு அது. நானூற்றுக்கு மேல் வாங்கிய பிள்ளை அதைக் கேட்டாலும் தடுக்காதீர்கள்.

நம் பள்ளியில் அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல் என்று இரண்டு தொழிற்பிரிவுகள் இருக்கின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்று பெரும்பாலான பெற்றோர் பார்த்ததில்லை என்பதால், நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மின் பிரிவு மாணவி ஒருத்தி, எரிந்துபோன ஒரு தண்ணி மோட்டாரைப் பிரித்துக் காயில் (கம்பிச் சுருள்) கட்டிக்கொண்டிருந்தாள். பழைய காயிலை வெட்டி எடுத்ததும் அதைத் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு சுற்றாக எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டாள். கம்பியின் பூச்சைச் சுரண்டிவிட்டு மைக்ரோமீட்டரில் தடிமன் பார்த்தாள். கம்பி இறங்குகிற பள்ளத்தைக் காடி என்பார்கள்; ஒவ்வொரு காடிக்குள்ளும் மின்சாரம் கசியாமல் தடுக்கிற காப்புத் தாளை மடித்துச் செருகினாள். எதற்கு இவ்வளவு எண்ணுகிறாய் என்றேன். "சுத்து கொறஞ்சா கரண்டு அதிகமா இழுக்கும் சார், மோட்டார் சூடாகி மறுபடி எரிஞ்சிரும்" என்றாள். மோட்டாரில் சுற்றாமல் நிற்கிற பாகமான ஸ்டேட்டரில் 24 காடிகள், நான்கு காந்தத் துருவம். மின்கோணக் கணக்கில் இரண்டு துருவத்துக்கு 360 பாகை, நான்குக்கு 720; அதனால் ஒரு காடிக்கும் அடுத்த காடிக்கும் 30 பாகை. மூன்று பேஸும் 120 பாகை தள்ளி நிற்க வேண்டும் என்பதால் நான்கு காடி தள்ளி அடுத்த பேஸைத் தொடங்க வேண்டும். இதைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கம்பியில் கை வைத்தாள். தொழிற்பிரிவு என்றால் கணக்கு வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் அந்த நோட்டை வந்து பார்க்க வேண்டும். "அம்மிணிக்கு எதுக்குங்க மோட்டார் வேலை" என்று கேட்கிறவர்களும் பார்க்க வேண்டும்.

நம் சீமைக்கு இது புதிதும் அல்ல. 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு கோயம்புத்தூர்ப் பக்கம் ஆலைகள் பெருகின, கிணற்றுக்கு மோட்டார் தேவைப்பட்டது. அதற்கு முன்பே, 1926-ல், பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் தொடங்கிவிட்டது. சூலூர் அருகே கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு 1937-ல் தம் கூட்டாளியோடு சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார். அவர் பள்ளிப் படிப்பில் சில வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் தொழில்நுட்பக் கல்லூரி வேண்டும் என்று முன்னின்றவரும் அவரேதான். பள்ளிக்கூடம் போகாமலே சாதித்தார் என்று மட்டும் அவர் கதையைச் சொல்கிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. பத்து முடித்ததும் பிள்ளையைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ, பெருந்துறை சிப்காட்டுக்கோ, தறிக்கோ அனுப்பிவிடுகிறீர்கள். சனிக்கிழமையானால் கையில் சம்பளம் வருகிறது, குடும்பத்துக்குப் பெரிய ஒத்தாசைதான். தவணை கட்ட வேண்டிய வீட்டில் நின்றுகொண்டு அதைத் தப்பு என்று சொல்ல என்னால் முடியாது. ஆனாலும் கேட்கிறேன்: சான்றிதழ் இல்லாமல் உள்ளே போன பையன் பத்து வருடம் கழித்தும் ஹெல்பராகவே நிற்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே கம்பெனியில் ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) முடித்தவன் மெயின்டனன்ஸில் இருப்பான். இயந்திரம் நின்றால் எல்லோரும் அவனைத்தான் தேடுவார்கள்.

பிளஸ் டூ வேண்டாம், சீக்கிரம் வேலை வேண்டும் என்றால் ஐ.டி.ஐ.யில் சேருங்கள். வெல்டர் ஒரு வருடம். பிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன் இரண்டு வருடம். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பாலிடெக்னிக் என்றால் பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று வருடம். அதை முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பள்ளியில் தொழிற்பிரிவை முடித்தவர்களோ இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர்களோ பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம்.

"தொழில் குரூப் எடுத்தா இன்ஜினியரிங் போக முடியாதாமே?" என்று பல பேர் கேட்கிறீர்கள். போகலாம். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்பிரிவு மாணவர்களுக்கென்றே தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மேற்படிப்பின்போது மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: டாக்டர் ஆக வேண்டும் என்கிற பிள்ளை இந்தப் பிரிவை எடுக்கக் கூடாது. நீட் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும்.

இன்னொரு கவலையும் உண்டு. தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் நிரம்பாமல், பிரிவையே மூடிவிட்ட பள்ளிகள் இருக்கின்றன. நம் பள்ளியில் அப்படி ஆகிவிடக் கூடாது. பிள்ளைகள் சேர்ந்தால்தான் ஆசிரியரைக் கேட்டு வாங்க எங்களுக்கும் வாய் இருக்கும். அதற்காக, விருப்பமில்லாத பிள்ளையைக் கொண்டுவந்து தள்ளவும் வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை காலை 10 மணிக்கு இரண்டு பணிமனைகளையும் திறந்து வைக்கிறோம். தாய், தந்தை இருவரும் பிள்ளையோடு வாருங்கள். தாத்தா, அப்பத்தா வந்தாலும் நல்லது, பல வீடுகளில் முடிவு அவர்களுடையதுதானே. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர்கள் இரும்பைக் கடைகிற லேத்தை ஓட்டிக் காட்டுவார்கள், மோட்டாரைப் பிரித்துக் காட்டுவார்கள். பிள்ளை எதன் பக்கத்தில் அதிக நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். லேத் அருகே போவதால் தொளதொள சட்டை, துப்பட்டா, செருப்பு வேண்டாம், மூடிய காலணி போட்டு வரட்டும்.

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல் ஆகியவற்றைத் திங்கட்கிழமை கொண்டுவந்தால் போதும். பிரிவைப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு நிரப்புங்கள். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைப் பிள்ளை தன் கையால் எழுத வேண்டும் என்று இந்த வருடம் ஏற்பாடு செய்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
அரசு மேல்நிலைப் பள்ளி