வேலியோடு நின்றுவிடாத பெட்ரோல்: ஈதெக்வினி மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஆளும் ஈதெக்வினி மாநகராட்சியின் நிலப் பயன்பாட்டுத் திட்டப் பிரிவினருக்கும், தேசியச் சுற்றுச்சூழல் துறையினருக்கும் வணக்கம்.

தென் டர்பனில், 1954-இல் வென்ட்வொர்த்தில் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், அதன்பின் 1963-இல் வந்த சாப்ரெஃப் ஆலையும் இன்று கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பதில்லை. எரிபொருள் கையாண்ட நிலங்கள், பெரிய ஆலை வளாகமாயினும் தெருமுனைப் பெட்ரோல் நிலையமாயினும், இனி வீடுகளுக்கோ கிடங்குகளுக்கோ கேட்கப்படும். கட்டக் கூடாது என்று இதே தென் டர்பனின் மெர்பேங்கிலும் கிளேர்வுட்டிலும் வாழும் எங்களில் பலர் சொல்லவில்லை. இப்பகுதிக்கு வீடும் வேண்டும், வேலையும் வேண்டும். மண்ணையும் நிலத்தடி நீரையும் துப்புரவு செய்யும் பணி எங்கே முடிகிறது என்பதை மனையின் வேலியை வைத்துத் தீர்மானிக்காதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

கசிந்த பெட்ரோல் மணல் வழியே கீழிறங்கி, நீர்மட்டத்தை அடைந்ததும் நீரைவிட இலேசானதால் அதன்மேல் மிதக்கிறது. அதிலுள்ள பென்சீன் என்ற வேதிப்பொருள் ஓரளவு நீரில் கரைந்து, நீர் போகும் திசையிலேயே அடுத்த மனைக்கும் அதற்கடுத்த மனைக்கும் போகிறது. பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. நிலத்தடி நீரைச் சோதிக்கத் தோண்டும் கண்காணிப்புக் கிணற்றில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை இறக்கி மேலே எடுத்தால் கீழே நீரும், அதன்மேல் வைக்கோல் நிறத்தில் ஒரு விரற்கடைப் பெட்ரோலும் தனித்தனியே நிற்பதைக் காணலாம்.

அந்த விரற்கடையை அளந்து அறிக்கை எழுதுபவர்கள் எந்த மாதத்தில் அளந்தார்கள் என்று நீங்கள் கேட்க வேண்டும். டர்பனில் கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி. மழையில் நீர்மட்டம் உயரும்போது பெட்ரோலின் ஒரு பகுதி, கழுவிய வாணலியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைப் போல, மணல் துகள்களுக்கிடையே நீருக்கடியில் சிக்கிக்கொள்கிறது. அப்போது கிணற்றில் பெட்ரோல் படலம் மெலிந்து, சில வேளை காணாமலே போகிறது. மட்டம் இறங்கியதும் அது மீண்டும் கிணற்றுக்கு வந்துசேர்கிறது. ஆகவே ஒரே ஒரு முறை எடுத்த அளவை நம்பி "படலம் இல்லை" என்று கையெழுத்திடுவது, எங்கள் பார்வையில், நிலத்தைப் பார்க்காமலே கையெழுத்திடுவதற்குச் சமம். இரண்டு பருவங்களிலும் எடுத்த அளவுகள் இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

சட்டத்தில் குறை இல்லை. 2008-ஆம் ஆண்டின் கழிவுச் சட்டத்தில் மாசடைந்த நிலம் பற்றிய பகுதி 2014 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் வெளியான மண் தர விதிமுறைகள், நீர்வளத்தைக் காக்கும் வரம்பை ஒரு வரிசையாகவும், முறைசாராக் குடியிருப்பு, வழக்கமான குடியிருப்பு, வணிகம் என்று நிலத்தின் பயனைப் பொறுத்த வரம்புகளை இன்னொரு வரிசையாகவும் தருகின்றன. கிடங்கு கட்டுவதாகச் சொல்லி வணிக வரம்புக்கு மட்டும் துப்புரவு செய்து, சில ஆண்டுகளில் குடியிருப்பாக மாற்றிக்கொள்ளும் வழி திறந்திருக்கலாகாது. அதைவிட முக்கியமாக, நிலம் வணிகத்துக்கானதாக இருந்தாலும் வேலிக்கு அப்பால் இருப்பது படுக்கையறை என்றால், அளவுகோல் அந்தப் படுக்கையறைதான்.

ஏனெனில் பெட்ரோலின் ஆவி தரைக்கடியிலேயே பரவுகிறது. தளத்தின் விரிசல் வழியாகவும் கழிவுநீர்க் குழாய் நுழையும் ஓட்டை வழியாகவும் அது வீட்டுக்குள் வருகிறது. நிலத்தடியில் பதித்த பாலித்தீன் குடிநீர்க் குழாயையே பென்சீன் ஊடுருவக்கூடும். ஆகவே மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றி வேறொரு ஊரின் குப்பைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்ற கணக்கை ஏற்காதீர்கள். (அந்த இன்னொரு ஊரும் பெரும்பாலும் எங்களைப் போன்றவர்களின் ஊராகவே இருக்கும்.) மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சி எடுத்தல், நீருக்குள் காற்றைச் செலுத்துதல், பெட்ரோலை நுண்ணுயிர்கள் சிதைக்க விடுதல் என்று இடத்திலேயே செய்யும் முறைகள் உண்டு, அவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும், கட்டுமான நிறுவனங்களுக்கு அது பிடிக்காது. பழைய மனைகளில் ஈயத்தையும் சோதிக்க வேண்டும்; 2006 வரை இந்நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்கப்பட்டது.

இது கற்பனை அச்சமும் அன்று. 2001-இல் டர்பனின் பிளஃப் பகுதியில் உள்ள தாரா சாலையருகே நிலத்தடிக் குழாயிலிருந்து பத்து லட்சம் லிட்டருக்கு மேல் பெட்ரோல் வீடுகளுக்கடியில் கசிந்தது.

அனுமதியோடு சேர்த்து மூன்று நிபந்தனைகளை எழுத்தில் விதியுங்கள். வேலிக்கு வெளியே, நீரோட்டம் போகும் பக்கத்தில், கண்காணிப்புக் கிணறுகள் தோண்டப்பட வேண்டும். அவற்றின் அளவுகள் உள்ளூர் நூலகத்தில் எவரும் கேட்டுப் படிக்கும்படி வைக்கப்பட வேண்டும். மனை விற்கப்பட்டபின் கிணறுகளைப் பராமரிப்பதும் அளப்பதும் யார் பொறுப்பு, அதற்கான பணம் எந்தக் கணக்கில் முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கிறது என்பது விற்பனைப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். இது இல்லையெனில் ஓரிரு ஆண்டுகளில் கிணற்று மூடிகள் வாகன நிறுத்தத் தாருக்கு அடியில் போய்விடும். இம்மூன்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்று காரணத்துடன் எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். மடலின் ஆங்கில, சூலு மொழிப் படிகள் தனியே அனுப்பப்படுகின்றன.

இங்ஙனம்,
தென் டர்பன் குடியிருப்பாளர்கள் சார்பில்,
மெர்பேங்க்வாசி ஒருவர்