டிசம்பர் 16 வெற்றி நாளை மாவட்ட அளவில் நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்
முன்னாள் படைவீரர்கள், போர் விதவையர் சார்பில்
ஓய்வு பெற்ற நாயப் சுபேதார், மதராஸ் ரெஜிமெண்ட்

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: 1971 போரில் பங்கேற்றவர்களுக்கு டிசம்பர் 16 அன்று மாவட்டத் தலைநகரில் மரியாதை செய்ய வேண்டுதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1971 டிசம்பர் 3-ல் மூண்ட போர், 16-ஆம் தேதி மாலை டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் முடிந்தது. நமது லெப்டினன்ட் ஜெனரல் அரோராவின் முன்னிலையில் பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணடைந்து கையெழுத்திட்டார். சுமார் 93,000 பேர் நம்மிடம் போர்க்கைதிகளானார்கள். தாங்கள் அறியாததல்ல, கோப்பில் இருக்கட்டும் என்றே எழுதுகிறோம். அன்று களத்தில் நின்றவர்களில் இளையவர்கள்கூட இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

கடந்த குடியரசு நாள் விழாவுக்கு எங்கள் மூத்தவர்களை விடிந்ததும் வரச் சொன்னார்கள். ஷாமியானா நிழலில் இருந்த நாற்காலிகள் எல்லாம் வேறு விருந்தினர்களுக்குப் போய்விட்டன. பொன்னாடைக்காக இவர்களை வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். 1971 கிழக்கு முனைப் போருக்கான பூர்வி ஸ்டார் பதக்கத்தைச் சட்டையில் குத்தியிருந்த ஒரு ஹவில்தார், வீங்கிய முழங்காலோடு கைத்தடியை ஊன்றி நின்றார். "உக்காருங்கண்ணே, நாற்காலி வாங்கித் தர்றேன்" என்றேன். "பேரேடு கிரவுண்டுல நாற்காலி கேக்கக் கூடாது தம்பி" என்றார். அவர்கள் கேட்க மாட்டார்கள், ஐயா. அதனால்தான் நாங்கள் கேட்கிறோம்.

மைக்கில் அவர் பெயரை மட்டும் வாசித்தார்கள். எந்தப் பட்டாலியன், கிழக்கு முனையா மேற்கு முனையா, ஒன்றும் இல்லை. போட்டோ எடுத்ததும் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பொன்னாடை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவர் எங்கே நின்று போரிட்டார் என்ற அந்த ஒரு வரி கூட்டத்தில் இருந்த பேரப்பிள்ளைகள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள்தானே என்று கேட்கலாம். பீல்டு மார்ஷல் கரியப்பா 1953-ல் ஓய்வு பெற்ற நாள் அது; எங்களுக்கும் பெருமைதான். ஆனால் நம் ஊரில் அன்று போகியாகவோ பொங்கலாகவோ இருக்கும், வீட்டைவிட்டு யார் கிளம்புவார்கள்? ஜூலை 26 கார்கில் வெற்றி நாளுக்குக் கூட்டம் வருகிறது, மகிழ்ச்சி. பட்டாலிக்கில் உயிர்நீத்த திருச்சி மேஜர் சரவணனை இன்றைய பிள்ளைகளுக்கும் தெரியும். 1971-க்குப் போய்வந்தவர்களை அவர்கள் தெருக்காரர்களுக்கே தெரியவில்லை. டிசம்பர் 16-ல் சென்னை காமராஜர் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். இந்த வயதில் பஸ் ஏறி அங்கே போக முடியுமா?

ஆகவே அந்த நிகழ்ச்சியை நம் மாவட்டத்திலேயே நடத்தித் தர வேண்டுகிறோம். மார்கழி பிறக்கிற நேரம், வெயில் உறைக்காது; மழை வந்தால் ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கு போதும். ஆயுதப்படைக் காவலர் ஒருவர் பியூகிளில் லாஸ்ட் போஸ்ட் என்ற அஞ்சலி இசையை வாசிக்கட்டும், தாங்கள் மலர்வளையம் வைக்க வேண்டும். பிறகு மூத்தவர்கள் உட்கார்ந்தபடியே இருக்க, என்.சி.சி. மாணவர்கள் ஒவ்வொருவரின் பெயர், படைப்பிரிவு, போர்முனை, பதக்கம் ஆகியவற்றை வாசிக்க வேண்டும். கணவரைப் போரில் இழந்த அம்மாக்களையே முதலில் அழைக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கு வட்டாட்சியர் நேரில் போய் வந்தால் நல்லது. உரைகள் சுருக்கமாக இருக்கட்டும்.

இது பணம் கேட்கும் மனு அல்ல. ஓய்வூதியப் பாக்கிக்கான மனுக்களைக் குறைதீர்க்கும் நாளில் தனியே தருகிறோம். டிசம்பர் 7 கொடி நாளுக்கு எப்படியும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வேலை நடக்கும். அதோடு சேர்த்தே 1971 வீரர்களின் பட்டியலையும் எடுத்துவிடலாம். படைப்பணி விவரம் உள்ள டிஸ்சார்ஜ் புத்தகத்தைச் சரிபார்க்க ஆள் போதாவிட்டால் எங்களில் சிலர் வந்து உட்காருகிறோம். அக்டோபருக்குள் ஆணை கிடைத்தால், வெளியூரில் பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கும் தகவல் சொல்ல அவகாசம் இருக்கும்.

இணைப்பு: எங்களுக்குத் தெரிந்தவரை 1971 போர் வீரர்கள், போர் விதவையரின் பட்டியல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற நாயப் சுபேதார்