அழற்சி: இந்தப் பக்கம் அடக்கு, அந்தப் பக்கம் பெருக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

'அழற்சியைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களை மறதிநோய் அண்டாது' என்று சென்ற இதழின் மருத்துவக் கட்டுரையில் அடித்துச் சொல்லியிருக்கிறீர்கள். மறதிநோய் வந்த அம்மாவைக் கவனித்துக்கொள்பவள் நான். அப்படியானால் அம்மா எதையோ கோட்டை விட்டுவிட்டார், அதானே? அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவைத்த உறவினர்கள் சார்பில் உங்களுக்கு நன்றி.

அழற்சி என்பது நம் நோய் எதிர்ப்புச் சக்தி கிளர்ந்தெழுவதுதான். மூளையில் மைக்ரோக்ளியா என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மறதிநோயில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவை அள்ளி அகற்றுவதும் அவைதான், ஓயாமல் தூண்டப்பட்டால் நரம்பிணைப்புகளைச் சிதைப்பதும் அவைதான். அவை மந்தமானாலும் வினைதான்: அவற்றை இயக்கும் டிரெம்2 மரபணுவில் கோளாறு இருந்தால் மறதிநோய் வரும் ஆபத்து கூடுகிறது என்று 2013இலேயே சொல்லிவிட்டார்கள். நாப்ராக்சன், செலிகாக்சிப் என்ற அழற்சியை அடக்கும் மாத்திரைகளைக் கொடுத்தும் பார்த்தார்கள். இதயத்துக்கு ஆகாதோ என்ற பயத்தில் அந்தச் சோதனையை 2004இல் நிறுத்தினார்கள். மறதிநோயை அவை தடுத்ததாகவும் தெரியவில்லை.

கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' மாத்திரை விளம்பரம். நல்ல கூத்து! முன்பொருமுறை குறுக்கெழுத்து போட்டால் மறதி வராது என்று எழுதினீர்கள். அம்மா குறுக்கெழுத்தைப் பேனாவில்தான் போடுவார், அடித்தல் திருத்தல் இருக்காது.

எழுத வேண்டியதை மட்டும் எழுதமாட்டீர்கள். ஒருநாள் மாலை அம்மா திடீரென்று தடுமாறிப்போனார். போர்வையில் இல்லாத நூலைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார், கிட்டே போன என்னைத் திருடி என்றார். காய்ச்சல்கூட இல்லை. 'இந்த நோய் அப்படித்தாம்மா' என்று ஒரு மருத்துவர் அனுப்பிவிட்டார். சிறுநீரில் தொற்று என்று கண்டுபிடித்தவர் அடுத்து பார்த்த மருத்துவர். மருந்து கொடுத்ததும் அம்மா தெளிந்தார், ஆனால் பழைய நிலைக்கு வரவில்லை. உடம்பில் எங்கோ தொற்று வந்தால் அந்த அழற்சி மூளையையும் உசுப்பிவிடும் என்று எனக்கு அப்புறம்தான் சொன்னார்கள். உங்கள் நான்கு பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இடமில்லை.

'மறதிநோயாளிக்குத் திடீர்க் குழப்பம் வந்தால் தொற்றா, நீரிழப்பா, புது மருந்தா என்று அன்றே மருத்துவரிடம் காட்டிப் பாருங்கள்' என்று அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். இடம் இல்லையென்றால் அந்த மாத்திரை விளம்பரத்துக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி