உட்கார்ந்து ஓட்ட ஆசைப்படும் மச்சானுக்கு

பள்ளிகொண்டா
மார்கழி 5

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. அமெரிக்காவில் உன் பையன் வீட்டுப் புல்வெளியில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நீ அந்தப் புல் வெட்டும் வண்டியில் உட்கார்ந்திருக்கிற படத்தை வீட்டில் எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். பின்னால் என் தங்கச்சி இடுப்பில் கை வைத்து முறைத்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தோம்.

இங்கே எல்லோரும் சுகம். உன் தங்கச்சிக்குத்தான் முழங்கால் வலி விட்டு விட்டு வருகிறது. ஆபரேஷன் என்றார்கள், தை போகட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை இரண்டிலும் மழைக்குக் குறைவில்லை, கிணறு நிறைந்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்குப் போனேன். மாடு வாங்கப் போனவன் விலையைக் கேட்டுவிட்டு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். ஊரிசு கல்லூரியில் நம்மோடு படித்தவர்களில் பாதிப் பேர் பேரன் பேத்தியைப் பார்க்க வெளிநாட்டில் இருக்கிறீர்கள். மீதிப் பேர் இங்கே சர்க்கரை மாத்திரை பேர் சொல்லி நலம் விசாரித்துக்கொள்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னபடி ஒடுகத்தூர் பக்கம் போய் உன் கொல்லையைப் பார்த்தேன். பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் இருக்கலாம், கண்ணுக்குத் தெரிவது பாதிதான். பார்த்தீனியம் இடுப்பு உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. அதற்குக் கீழே கோரையும் அருகும். கம்பால் தட்டித் தட்டித்தான் உள்ளே போனேன், கண்ணாடிவிரியன் உள்ள பக்கம் ஆயிற்றே. வெளியே வந்து பார்த்தால் வேட்டி முழுக்க நாயுருவி விதை. கிழக்குப் பக்கம் சமம். மேற்கே மலை அடிவாரத்தை ஒட்டி ஏறிப் போகிறது, நடுவில் மழைத் தண்ணீர் அறுத்த ஓடை ஒன்று. மாமரம் எல்லாம் பழைய பெங்களூரா ரகம், முப்பது அடிக்கு ஒன்று, கிளை தரையைத் தொடுகிறது. ஒரு மரத்தடியில் காலால் புல்லை விலக்கினேன். ஒரு சாண் உயரத்தில் பாறை தலை நீட்டிக்கொண்டிருந்தது. விலக்காமல் இருந்தால் தெரிந்திருக்காது.

இந்த நிலத்துக்குத்தான் அமெரிக்காவில் ஓட்டிய மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டி, அதாவது ரைடிங் மோவர், வாங்கலாமா, இல்லை மினி டிராக்டரும் பின்னால் மாட்டுகிற ஸ்லாஷரும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய்.

உன் பையன் வீட்டில் இருப்பது புல்வெளி. விதைத்து, தண்ணீர் விட்டு, வாரம் ஒருதடவை வெட்டி வைத்திருக்கிற தரை. வளரவிட்டால் நகராட்சியே நோட்டீஸ் அனுப்பும் ஊர்கள் அங்கே நிறைய. ரைடிங் மோவர் அந்த வேலைக்குப் பிறந்தது. வயிற்றுக்கடியில் இருக்கிற தகட்டுக் கூண்டுக்குள் பிளேடு சுற்றும். ஓர் அங்குலத்திலிருந்து நாலு அங்குல உயரம் வரை வைத்து வெட்டலாம், 42 அங்குல அகலத்துக்குச் சீராக வெட்டிக்கொண்டே போகும். கியர் மாற்றும் தொல்லைகூட இல்லை, மிதித்தால் போகும், விட்டால் நிற்கும். 15 சென்ட் சமமான புல்தரையை டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். அதில் உனக்கு ருசி தட்டியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் இடுப்பு உயரப் பார்த்தீனியத்துக்குள் அதை விட்டால் பெல்ட் வழுக்கும், கூண்டு அடைத்துக்கொள்ளும், எஞ்சின் திணறும். நான் சொன்ன பாறையில் பிளேடு ஒருதடவை மோதினால் அதைத் தாங்குகிற தண்டே வளைந்துபோகும். சரிவு வேறு இருக்கிறது. இந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் 15 டிகிரிதான் எல்லை என்று கம்பெனிக்காரர்களே எழுதி வைக்கிறார்கள், அதாவது பத்தடிக்கு சுமார் இரண்டே முக்கால் அடி ஏற்றம். உன் மேற்கு ஓரம் அதைத் தாண்டும் என்றுதான் என் கண்ணுக்குப் படுகிறது. குறுக்கே ஓட்டினால் கவிழும், நேராக ஏறி இறங்கத்தான் வேண்டும். அங்கேதான் ஓடையும் இருக்கிறது.

இன்னொரு சங்கதி, இங்கே புல் வெட்டுகிற பருவமே கொஞ்சம்தான். ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை, அப்புறம் ஐப்பசி, கார்த்திகை. தை முடிந்தால் வெயில் ஏறி எல்லாம் காய்ந்துவிடும். மாசியிலிருந்து வைகாசி வரை அந்த வண்டி ஷெட்டில்தான் நிற்கும். இப்போது பங்கில் போடுகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் கார்ப்பரேட்டரில் பிசுபிசுப்பு தட்டிவிடும். கடைசியாக ஓட்டும் நாளில் டேங்கைக் காலி செய்து வைக்க வேண்டும், பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும், எலி ஒயரைக் கடிக்காமல் பார்க்க வேண்டும். நீ திரும்பி வந்து சென்னையில் இருந்துகொண்டு யாரை வைத்து இதையெல்லாம் செய்வாய்? ஒரு பெல்ட் அறுந்தாலும் இந்தப் பக்கத்துக் கடையில் கிடைக்காது, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும்.

ஸ்லாஷர் வேறு ஜாதி. டிராக்டருக்குப் பின்னால் மூன்று கையில் மாட்டி, எஞ்சின் சுழற்சியைப் பின்னால் கொண்டுவருகிற பி.டி.ஓ. தண்டில் சுற்றுவது. கனமான இரும்புப் பெட்டி, அடியில் ஒரு தட்டு, தட்டின் ஓரத்தில் கத்தி போல்ட்டில் தொங்கும். கல்லில் பட்டால் கத்தி மடங்கிப் பின்னால் போகும், பெரிய அடி விழுந்தால் ஷியர் போல்ட் அறுந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும். அந்த போல்ட் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். கத்தி மழுங்கினால் பட்டறையில் பத்து நிமிஷத்தில் தீட்டித் தருவான். புல்வெளி மாதிரி சீராக வெட்டாது, புல்லை அடித்துப் போட்டதுபோல்தான் இருக்கும். மாந்தோப்புக்கு அது போதும். வெட்டியதை மரத்தடியில் அப்படியே விட்டால் ஈரமும் நிற்கும்.

இதைவிட இன்னும் நைசாக வேண்டுமென்றால் மல்ச்சர் இருக்கிறது, சின்னச் சின்ன சுத்திகள் உருளையில் சுற்றி எல்லாவற்றையும் தூளாக்கும். தென்னை மட்டை உள்ளவனுக்கு லாபம். உனக்கு வேண்டாம், அதற்கு இழுக்கும் சக்தியும் கூட வேண்டும், விலையும் கூட.

அளவு விஷயத்தில் மட்டும் கடைக்காரர் பேச்சைக் கேட்காதே. ஸ்லாஷருக்கு அடிக்கு சுமார் 5 குதிரைத்திறன், அதுவும் பி.டி.ஓ.வில், வேண்டும் என்பது பொதுக் கணக்கு. மினி டிராக்டர் 24 எச்.பி. என்று போட்டிருந்தாலும் பின்னால் வந்து சேர்வது அதைவிடக் குறைவு. ஆகவே நாலடிக்கு மேல் போகாதே. அதே சமயம் பின் சக்கரத்தின் வெளி அகலத்தை விடக் குறுகலாகவும் இருக்கக் கூடாது, இருந்தால் சக்கரம் மிதித்த புல் வெட்டுப்படாமல் நிமிர்ந்து நிற்கும். நாலடி வைத்து நிதானமாக ஓட்டினால் உன் நிலம் முழுக்க இரண்டு மணி நேர வேலை.

வாங்கும்போது இன்னொன்றைக் கேள். ஸ்லாஷர் தட்டு கனமானது, வேகமாகச் சுற்றும்போது கிளட்சை மிதித்தாலும் உடனே நிற்காது. சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் சேர்த்து ஒற்றைக் கிளட்ச் உள்ள வண்டியாக இருந்தால் அந்தச் சுற்று திரும்பி வந்து டிராக்டரையே முன்னால் தள்ளும். எங்கள் பக்கத்துக் கொல்லையில் ஒருவர் வரப்பு ஓரம் கிளட்சை மிதித்துவிட்டு நின்றுவிட்டோம் என்று நினைத்திருக்கிறார், வண்டி கல்கால் இரண்டைச் சாய்த்துவிட்டு வேலிக்குள் போய் நின்றது. இதைத் தடுக்க பி.டி.ஓ. தண்டில், சுற்றைத் திரும்பி வரவிடாத ஓவர் ரன்னிங் கிளட்ச் என்று ஒரு துண்டு மாட்டலாம். பி.டி.ஓ.வுக்குத் தனிக் கிளட்ச் உள்ள வண்டியானால் இந்தத் தொல்லையே இல்லை.

அப்புறம் அந்தத் தண்டு. நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நீ ஒன்று என்று எண்ணுவதற்குள் ஒன்பது சுற்று. பிளாஸ்டிக் உறை உடைந்துவிட்டது என்று கழற்றி எறிந்துவிட்டுத்தான் இங்கே பாதிப் பேர் ஓட்டுகிறார்கள். லுங்கி நுனியோ தோளில் போட்ட துண்டோ பட்டால் ஆளையே இழுத்துச் சுற்றிவிடும். பேன்ட் போட்டுக்கொண்டு ஓட்டு. பின்புறச் சங்கிலித் திரையையும் கழற்ற விடாதே, கல் பறந்தால் வெகுதூரம் போகும். ஆளையோ மாட்டையோ சுற்றில் நிற்கவிடக் கூடாது.

உன் தம்பி எதற்கு இவ்வளவு, மண்ணைக் கிளறிப் போடுகிற ரோட்டவேட்டர் விட்டால் சுத்தமாகிவிடும் என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். இங்கே எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், இல்லாவிட்டால் ஒன்பது கொத்துக் கலப்பை. பார்க்க அழகாகச் செம்மண் தெரியும். ஆனால் மாமரத்தின் ஊட்ட வேர்கள் மேல் மண்ணில்தான் பரவியிருக்கும், அவை அறுபடும். கோரைக் கிழங்கைத் துண்டாக்கி நாலு பக்கமும் நட்டு வைத்த மாதிரியும் ஆகும். அடுத்த மழையில் சரிவில் உள்ள மண் ஓடையில் இறங்கிவிடும். வேரோடு புல் பிடித்துக்கொண்டிருப்பது உன் மேற்குப் பக்கத்துக்கு நல்லது, தலையை மட்டும் வெட்டினால் போதும்.

பார்த்தீனியம் மட்டும் விதிவிலக்கு. வெட்ட வெட்டக் கணுவில் துளிர்க்கும், பூத்த பிறகு வெட்டினால் விதை பரவும். மழை ஈரத்தில், பூக்கும் முன்னால், கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்க ஆள் விட வேண்டும். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு தாங்காது, முழுக்கைச் சட்டை போடச் சொல்.

ஆடு விடலாமே என்றும் கேட்டிருக்கிறாய். செம்மறிக் கிடை போட்டால் எருவும் ஆயிற்று, புல்லும் குறைந்தது. வெள்ளாட்டை மட்டும் உள்ளே விடாதே. நீ புதிதாக வைக்கப் போகிற மாங்கன்றுகளில் ஓர் இலையைக்கூட மிச்சம் வைக்காது. அருகம்புல்லை அறுத்துக்கொண்டு போக மாட்டுக்காரர்கள் கேட்டால் சரி என்று சொல், கோரையை அவர்கள் தொடமாட்டார்கள்.

என் யோசனையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் இரண்டையும் வாங்காதே. முதலில் வாடகைக்கு ஸ்லாஷர் விடு, வருஷத்துக்கு இரண்டு தடவை போதும். தனியார் டிராக்டர்காரர்கள் இருக்கிறார்கள், வேளாண்மைப் பொறியியல் துறையும் இ-வாடகை முறையில் டிராக்டரும் கருவிகளும் விடுகிறது. மரத்தடிக்கும் பாறை ஓரத்துக்கும் எந்த வண்டியும் போகாது, அதற்குத் தோளில் மாட்டி வெட்டுகிற பிரஷ் கட்டர் ஒன்று சொந்தமாக வாங்கி வை. புல்லுக்கு நைலான் கயிறு, தடித்த செடிக்குப் பிளேடு. முதல் வருஷம் இப்படி ஓட்டும்போதே எங்கே கல், எங்கே குழி என்று கண்டு சுண்ணாம்பு அடித்த குச்சி நட்டு வை. தாழ்ந்த கிளைகளையும் அறுவடை முடிந்ததும் கவாத்து செய்துவிடு. வண்டியில் உட்கார்ந்தவன் தலைக்கு மேல் இடம் வேண்டும், வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கிற பாதுகாப்புக் கம்பி மடக்குகிற மாதிரி இருந்தாலும் மடக்கிவிட்டு ஓட்டுவது கவிழ்கிற நிலத்தில் சரிப்படாது.

அடுத்த வருஷமும் ஆசை தீராமல் இருந்தால், மினி டிராக்டர் வாங்கு. உனக்குப் புல் வெட்டுவதை விட வண்டியில் உட்காருவதில்தான் ருசி என்று எனக்குத் தெரியாதா. டிராக்டர் என்றால் மருந்து தெளிக்கலாம், எரு இழுக்கலாம், பக்கத்துக் கொல்லைக்கு வாடகைக்கும் விடலாம். ரைடிங் மோவர் ஒரு வேலையோடு நின்றுவிடும். 2025 செப்டம்பரில் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது, அதுவும் உனக்கு அனுகூலம். மானியத்துக்கு விசாரி. சிறு குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40, எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு உண்டு. நிலம் தங்கச்சி பேரில்தானே இருக்கிறது? அப்படியானால் விண்ணப்பத்தையும் அவள் பேரிலேயே போடு, படத்தில் முறைத்த முறைப்புக்கு ஒரு பரிகாரமாகவும் இருக்கும்.

வீடு கட்டி முன்னால் புல்தரை போட்ட பிறகு ரைடிங் மோவர் பற்றிப் பேசலாம். 10, 15 சென்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிற மெஷினே போதும் என்பதுதான் அப்போதும் என் அபிப்பிராயம். டாக்டர் உன்னை நடக்கச் சொல்லியிருக்கிறார் அல்லவா.

ஒன்று மட்டும் அவசரம். பொங்கலுக்கு முன்னால் ஒருதடவை ஸ்லாஷர் விட்டுவிடட்டுமா என்று உடனே பதில் போடு. நமக்குத் தெரிந்த டிராக்டர்காரர் இப்போது கையில் இருக்கிறார். அம்முண்டி ஆலைக்குக் கரும்பு இழுக்கப் போய்விட்டால் அப்புறம் லேசில் கிடைக்கமாட்டார். ஸ்லாஷர் விடுவதற்கு முன்னால் பார்த்தீனியம் பிடுங்க நாலு பேருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், கூலியை வந்து கொடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் பள்ளிகொண்டா மச்சான்