கப்பல் மேல்தளத்துப் பெரியவருக்கு நன்றி

நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளுக்குப் போன கப்பலில் பச்சை மழைச்சட்டையோடு நின்ற பெரியவரே, இந்த நன்றி உங்களுக்கு.

பிரமிட் பாறையை நெருங்கும்போது அலை தூக்கிப் போட்டது. கம்பியோரம் பிடித்திருந்த நல்ல இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தீர்கள். நான் தொலைநோக்கியை இறக்காமல் பார்க்கட்டும் என்று என் தோளையும் தாங்கிக்கொண்டீர்கள். சாத்தம் ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை உலகிலேயே கூடு கட்டுவது அந்த ஒரே பாறையில்தான். பளீரென்ற மஞ்சள் அலகு, அடர்சாம்பல் தலை. அதைப் போலவே இருக்கும் சால்வின் ஆல்பட்ராஸுக்குத் தலை வெளுப்பு. நீங்கள் சொல்லித்தந்ததால்தான் இரண்டையும் பிரித்தறிந்தேன்.

அங்கேயே உள்ள ரங்கடிரா தீவில் பயணிகள் இறங்கக் கூடாது. அப்படித்தான் இருக்க வேண்டும். ரப்பர் படகிலிருந்தே கரையோரப் புதரில் கருப்பு ராபின் என்ற சிறு பறவையைக் காட்டினீர்கள். 1980-ல் உலகில் மிஞ்சியிருந்தவை வெறும் 5. அவற்றில் குஞ்சு பொரித்த பெட்டை ‘ஓல்டு ப்ளூ’ மட்டுமே. இன்றுள்ள அத்தனையும் அவள் வம்சம். அதைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இறங்கும் அவசரத்தில் உங்கள் பெயரைக் கேட்க முடியவில்லை. 1978-ல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட மஜெண்டா பெட்ரல் என்ற கடற்பறவையைப் பார்த்ததே இல்லை என்றீர்களே, அது சீக்கிரமே உங்கள் கண்ணில் படட்டும்.