கட்டத்துக்குள் ஒரு தம்ளர் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் குடும்ப நலப் பக்கத்தின் மூலையில் கட்டம் கட்டி, "யாராவது மயங்கி விழுந்தால் உடனே தூக்கி உட்கார வைத்துக் கொஞ்சம் தண்ணீர் புகட்டவும்" என்று போட்டிருக்கிறீர்கள். எழுதியவர் பெயர் இல்லை. போட்டுக்கொள்ள அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

என் அப்பாவுக்கும் அப்படித்தான் புகட்டினார்கள். நினைவு தப்பியவருக்கு விழுங்க வராது, புரையேறினால் இருமவும் வராது. ஊற்றியது நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. மயக்கம் அன்றைக்கே தெளிந்தது. நிமோனியாதான் 3 வாரம் படுக்கையில் போட்டது. தம்ளரை நீட்டியவர் நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் எங்கேயோ இப்படி ஒரு கட்டத்தைப் படித்திருப்பார்.

உங்களுக்குத் தெரியாததா? மல்லாந்து கிடப்பவரின் நாக்கு தளர்ந்து பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். தலையணை வைத்தால் கழுத்து மடங்கி இன்னும் மோசம். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் பதில் இல்லையா, பக்கத்தில் இருப்பவரை ஆம்புலன்ஸுக்குப் பேசச் சொல்லிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்கி, மூச்சு இருக்கிறதா என்று 10 விநாடிக்குள் பார்க்க வேண்டும். சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். வாந்தி வந்தாலும் வெளியே வழிந்துவிடும். மூச்சு இல்லாவிட்டால், அல்லது விட்டு விட்டு ஏங்கி இழுத்தால் (அதையும் மூச்சென்று நம்பித்தான் பலர் கைகட்டி நிற்கிறார்கள்), நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழமாவது இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இதில் தண்ணீர் எங்கே வந்தது?

இதே பக்கத்தில்தான் முன்பு தீப்புண்ணுக்குப் பற்பசை தடவச் சொன்னீர்கள். வலிப்பு வந்தவர் பல்லிடுக்கில் கரண்டியைச் செருகச் சொன்னீர்கள். இரண்டுக்கும் எழுதினேன். முதல் கடிதம் என்ன ஆனதோ! இரண்டாவதில், "தங்கள் இதழை 20 ஆண்டுகளாக விரும்பிப் படிக்கிறேன்" என்ற முதல் வரி மட்டும் அச்சாகியிருந்தது. குறுக்கெழுத்தில் ஓர் எழுத்து பிசகியதற்கோ மறு இதழிலேயே வருத்தம் தெரிவித்தீர்கள். பெருந்தன்மைதான்.

நான் வருத்தம் கேட்கவில்லை. அதே மூலையில், அதே அளவுக் கட்டத்தில், "நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்" என்று ஒரு வரி போடுங்கள். எடுத்துப் போட வசதியாக இருந்துவிடக் கூடாதே என்று, இந்தக் கடிதத்தில் பாராட்டு எதுவும் எழுதவில்லை.

இப்படிக்கு,
இன்னும் சந்தாவை நிறுத்தாத வாசகர்