பிள்ளைகளுக்குப் போக்கர் கற்றுத்தருவோர் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். பணம் கட்டி ஆடும் போக்கர் (பந்தயம் வைத்து ஆடும் ஒரு சீட்டாட்டம்) தளங்களின் இணைப்பை இங்கே பகிர வேண்டாம். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டப்படி, திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் வைத்து ஆன்லைனில் ஆட்டம் நடத்துவதும் அதை விளம்பரப்படுத்துவதும் குற்றம்.

பிள்ளைகள் ஆட்டத்தைக் கற்கலாம், அருமையான கணக்குப் பயிற்சி. ஆனால் போனில் அல்ல, பாயில் உட்கார்ந்து. ஆளுக்கு 50 புளியங்கொட்டை. சீட்டைப் பார்க்குமுன் இருவர் கட்டாயம் வைக்க வேண்டிய பந்தயம்தான் பிளைண்ட்: சின்ன பிளைண்ட் 1, பெரிய பிளைண்ட் 2. முதல் நாள் பந்தயமே வேண்டாம். கையில் 2 சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5. ஏழில் சிறந்த ஐந்தைப் பொறுக்கப் பழகட்டும். ஸ்ட்ரெய்ட்டை (அடுத்தடுத்த ஐந்து சீட்டு) ஃப்ளஷ் (ஸ்பேட், ஹார்ட் என ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) ஏன் வெல்கிறது என்று கட்டாயம் கேட்பார்கள். ஐந்து சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 25,98,960. அவற்றில் ஸ்ட்ரெய்ட் 10,200, ஃப்ளஷ் 5,108தான். அரிதானது பெரியது.

அடுத்தது இன்னும் சுவை. ஃப்ளாப் (நடுவில் முதலில் திறக்கும் 3 சீட்டு) விழுந்ததும் ஒரே ஜாதியில் 4 சீட்டு சேர்ந்திருந்தால், அந்த ஜாதியில் மீதி 9. பார்க்காத சீட்டு 47. அடுத்த சீட்டில் ஃப்ளஷ் அமைய ஏறக்குறைய 19 சதவீத வாய்ப்பு. விடையை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களே எண்ணட்டும்.

கொட்டையைச் சாக்லேட்டாகக்கூட மாற்றித் தராதீர்கள், அதுவும் பந்தயம்தான். இலவசச் செயலிகளில் சிப் (பந்தய வில்லை) சும்மா கிடைப்பதால் பிள்ளைகள் எல்லா ஆட்டத்திலும் 'ஆல்-இன்' (இருப்பதை எல்லாம் பந்தயமாக) போடுகிறார்கள்; சீட்டை மடக்கி விலகும் பொறுமை வருவதில்லை. சிப் தீர்ந்ததும் வாங்கச் சொல்லும் பொத்தான் வரும். பிளே ஸ்டோர் அமைப்பில், ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி இன்றே மாற்றிவிடுங்கள்.